முனியாண்டியிடம் மாட்டிக்கொண்ட பாராங்

பத்துமலைக்கு அந்த வருஷம் முழுக்க ஒரே ஒரு கோபம்தான். அந்த ஒன்றையே அவர் தினமும் வீடு வீடாக ஏற்றி இறக்கினார். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் வீடு வீடாகக் கேஸ் தோங், அதாவது சிலிண்டர், போடுகிறவர் அவர். சின்ன லோரியில் தோங்குகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வரும் சத்தத்தைக் கேட்டாலே பெண்கள் அடுப்படிக் கதவைத் திறந்துவிடுவார்கள். தோங்கை மாட்டி, வாஷர் பக்கம் மூக்கை வைத்து மோந்து பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும்போது ஆரம்பிப்பார்.

"அக்கா, நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க. ஒருத்தன் வீட்ல இல்லாத நேரத்துல அவன் பொருள எடுத்துட்டுப் போயி சாமிகிட்ட வச்சுட்டா, அதுக்குப் பேரு புண்ணியமா, திருட்டா?"

"திருட்டுதான் அண்ணே. என்ன பொருளு?"

"பாராங்."

அதோடு அந்த அக்காவின் ஞாயம் முடிந்துவிடும். "பாராங்கா? அதுக்கா இந்தப் பாடு? ஹார்ட்வேர் கடைல தொங்குதே லா."

இங்கேதான் பத்துமலைக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கச் சங்கிலி என்று சொல்லியிருந்தால் ஊரே கூடிப் போலீசுக்குப் போயிருக்கும். பாராங் என்றால் சிரிப்பு. புல் வெட்டுகிற, தேங்காய் உரிக்கிற ஒரு நீளக் கத்திக்காக ஐம்பது வயதைத் தாண்டிய மனுசன் அழுகிறானே என்று பார்ப்பார்கள். காலி தோங்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, யாருக்கும் எதுவும் புரியப்போவதில்லை என்று முணுமுணுத்தபடி லோரிக்குத் திரும்புவார். அடுத்த வீட்டில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவருக்கு ரோஷம் உண்டு, ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது.

அந்தப் பாராங் அவருடைய தாத்தா ஐயாவுடையது. பத்து காஜாவுக்குப் போகிற வழியில் ஏழாங்கட்டைத் தோட்டம் என்று ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. ஐயாவு அங்கே ஜாகா. ராத்திரி முழுக்க ஸ்டோரையும் பால் கொட்டகையையும் காவல் காப்பது அவர் வேலை. பத்துமலையின் அப்பா ஜோகூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர், போனவர்தான். அம்மா விடியுமுன்பே பால் வெட்டப் போய்விடுவாள். ஆக, பையனைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிடுவது தாத்தாவின் தலையில் விழுந்தது.

லயத்து வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகிற பாதையில் லாலான் புல் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். காலைப் பனியில் அதற்குள் நுழைந்தால் தொப்பலாக நனைந்துதான் வெளியே வரவேண்டும். ஐயாவு ராத்திரி வேலையை முடித்துவிட்டு, வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நிற்பார். பையன் வெள்ளைச் சட்டையும் நீலக் கால்சட்டையுமாக வந்ததும் முன்னால் நடப்பார். இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அந்தப் பக்கம் ஒரு வீச்சு. பனித்தண்ணீர் எல்லாம் அவர் கைலியில்தான் தெறிக்கும். பின்னால் வருகிற பையனுக்கு ஒரு சொட்டு விழாது. தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் ஈரக் காலோடு பெஞ்சில் உட்கார்ந்து நடுங்கும்போது, இவன் மட்டும் காய்ந்த காலோடு உட்கார்ந்திருப்பான். வெட்டிய லாலான் ஒரு மழைக்கு மறுபடி எழுந்துவிடும். ஐயாவும் மறுபடி வெட்டுவார். அந்த மனிதர் எப்போதுதான் தூங்கினார் என்று பத்துமலைக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை. பையன்கள் அதையெல்லாம் கேட்பதில்லை.

தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று, லயத்தை இடித்து, எல்லோரையும் அனுப்பியபோது, தாத்தா புந்தோங் அடுக்கு வீட்டுக்கு ஒரு துணி மூட்டையோடும் அந்தப் பாராங்கோடும் வந்தார். நாலாவது மாடியில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது? அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. சாகிறதற்கு முந்தின வாரம் பேரனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். "வச்சுக்க. தொலைச்சிராத" என்றார். ஆசீர்வாதம், புத்திமதி, ஒன்றும் கிடையாது. அவ்வளவுதான் அந்த மனிதருக்குப் பேச வரும்.

பத்துமலை அதை வைத்து ஒரு எலுமிச்சம்பழம்கூட அறுத்ததில்லை. பழைய கைலித் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்திருந்தார். மாதம் ஒரு முறை இறக்கி, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வைப்பார். மரப்பிடியில் தாத்தாவின் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதில் தன் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். மனைவி மங்களம் பார்த்துவிட்டுப் போகிற போக்கில் சொல்வாள்: "கத்திக்கு எண்ண தடவ ஆள் இருக்கு. என் முழங்காலுக்குத்தான் யாருமில்ல." அவர் சிரிப்பார். அந்த வீட்டில் எது எங்கே போனாலும் அவர் தேடமாட்டார், அது ஒன்றைத் தவிர. மங்களத்துக்கு அது நன்றாகத் தெரியும்.

முந்தின வருஷக் கடைசியில் அவருக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலித்ததும், மகள் ஷாமினி காரில் ஏற்றிக்கொண்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஓட்டியதும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கண்ணைத் திறந்தபோது தலைக்கு மேல் ஒரு காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. மங்களம் கஞ்சி ஊட்டினாள். நடுவில் சில நாட்கள் காணாமல் போயிருந்தன. காய்ச்சலில் அப்படித்தான் என்று விட்டுவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாம், "ஒண்ணுமில்ல, சும்மா காய்ச்சல்" என்று கையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து கால் தரையில் பாவ ஆரம்பித்ததும் நாற்காலி போட்டு அலமாரி மேல் கைவிட்டார். துணி இருந்தது. பாராங் இல்லை.

"மங்களம்! பாராங்க எங்க?"

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "தேவன் எடுத்துட்டுப் போனான். கோயில் அருவா துருப்பிடிச்சுப் போச்சாம். படையலுக்கு வேணும்னான்."

"என்னக் கேக்காமயா?"

"நீங்க எங்க இருந்தீங்க கேக்குறதுக்கு?"

"எப்பத் தருவான்?"

"தருவான், தருவான். தோச கருகுது" என்று திரும்பிக்கொண்டாள்.

தேவன் மங்களத்தின் தம்பி. வார நாட்களில் ஈப்போவில் ஒரு டயர் கடையில் வேலை, சனி ஞாயிறு முனியாண்டி கோயில் தலைவர். ஏழாங்கட்டைத் தோட்டம் போய்விட்டாலும் அதன் எல்லையில் இருந்த முனியாண்டி போகவில்லை. ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் புதுத் தாமான் குடியிருப்பு, நடுவில் ரோட்டோரமாக ஒரு மரம், தகரக் கூரை, மீசையோடு அவர். உண்டியல் ஒருமுறை உடைபட்ட பிறகு சாமிக்கும் கிரில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாவி தேவனிடம்.

பத்துமலை லோரியை நிறுத்திவிட்டு கிரில்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். முனியாண்டியின் காலடி மண்ணில் நட்டு வைத்திருந்தார்கள். நுனியில் எலுமிச்சம்பழம், அலகு முழுக்கச் சந்தனம் குங்குமம், பிடியில் சிவப்புத் துணி, அதற்கும் மேல் ஒரு மாலை. தாத்தா இருந்திருந்தால் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போயிருப்பார்.

"தேவா, படையல் முடிஞ்சிருச்சுல்ல. எடுத்துக் குடு."

தேவன் தலையைச் சொறிந்தான். "எப்படி மச்சான்? சாமி கால்ல வச்சாச்சு. மந்திரம் சொல்லி, ரத்தம் காட்டி, எல்லாம் ஆச்சு."

"வச்சத எடுக்குறதுக்கு என்ன? உனக்குக் கை இல்லயா?"

"முனி கத்திய வீட்டுக்குள்ள கொண்டு போனா ரத்தம் கேக்கும் மச்சான். உங்களுக்குத் தெரியாததா?"

"அது முனி கத்தி இல்லடா, ஐயாவு கத்தி! லாலான் வெட்டுன கத்தி!"

தேவன் பதிலுக்குப் பதில் பேசுகிறவன். கூட்டங்களில் அவன் வாயை மூட ஆள் கிடையாது. ஆனால் அன்று தலையைக் குனிந்து நின்றான். என்ன திட்டினாலும் வாங்கிக்கொண்டான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இப்படி நிற்கிறவனை என்ன செய்வது? பத்துமலைக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பத்து காஜா ஹார்ட்வேர் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய பாராங்காகப் பார்த்து ஒன்று வாங்கினார். பளபளவென்று, முனியாண்டியே மயங்கிவிடும்படி இருந்தது. அடுத்த ஞாயிறு பூஜைக்குக் கொண்டுபோய் நீட்டினார். "இத வச்சுக்கிட்டு அதக் குடுங்க. சாமிக்கு நஷ்டமில்ல."

கமிட்டிக்காரர்கள் மனம் குளிர்ந்துபோனார்கள். புதுப் பாராங்கை இரண்டு கையாலும் வாங்கி, சந்தனம் பூசி, பழையதற்குப் பக்கத்திலேயே நட்டுவிட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் மைக்கைப் பிடித்து, "புந்தோங் அன்பர், கேஸ் தோங் திரு. பத்துமலை அவர்கள் குடும்பத்தாரின் இரண்டாவது உபயம்" என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கழுத்தில் ஒரு துண்டு விழுந்தது. பக்கத்தில் மங்களம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடு வரும் வரை ஸ்டீயரிங்கைக் குத்திக்கொண்டே வந்தார். "ஒண்ணு போயி ரெண்டாச்சு! இதுக்குத் துண்டு வேற!"

"விடுங்களேன்" என்றாள் மங்களம். "பொருளுதான."

"பொருளா? அது பொருளா? உனக்கு ஒண்ணும் தெரியாது மங்களம். ஒண்ணுமே தெரியாது."

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மனுசனிடம் கேட்டு நடக்கவில்லை என்றால் சாமியிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார்த்திகேசு மேல் முனியாண்டி இறங்குவார். கார்த்திகேசு பஸ் பட்டறையில் கிரீஸும் கையுமாக இருக்கிற ஆள். அன்று ஒரு மணி நேரம் மட்டும் கறுப்பு வேட்டியும் சுருட்டுமாகக் குறி சொல்வார். வரிசையில் எல்லோரும் மகனுக்கு வேலை, மகளுக்கு மாப்பிள்ளை என்று கேட்டார்கள். பத்துமலை போய் நின்று, "என் பாராங்கத் திருப்பிக் குடு" என்றார்.

உடுக்கைக்காரர்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டார். கார்த்திகேசு புகையை விட்டபடி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற மங்களத்தைப் பார்த்தார்.

"வாங்குனது வாங்குனதுதான். பதிலுக்குக் குடுத்தாச்சு."

"எனக்கு என்ன குடுத்த? நீ எனக்கு ஒண்ணும் குடுக்கலயே!"

சாமியைப் பார்த்து இப்படிக் கேட்கிற ஆளைக் கூட்டம் அதுவரை கண்டதில்லை. மங்களம் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. சாமி என்றால் பயந்தவள் என்று நினைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து கார்த்திகேசு முகம் கழுவிவிட்டு மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்துமலை அவர் எதிரில் போய் உட்கார்ந்தார். "ஏன் கார்த்திகேசு, எனக்கு என்னமோ குடுத்தாச்சுன்னு சொன்னியே, என்னது அது?"

"நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாது அண்ணே. சாமி வந்தா நான் கெடையாது. முழிச்சா ஒண்ணும் ஞாபகம் இருக்காது. என்கிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்ல லா."

அந்தப் பதிலைப் போட்டு மென்றுகொண்டே வீட்டுக்கு வந்தார். நல்ல ஏற்பாடு! பேசுகிறவன் ஒருத்தன், பதில் சொல்ல வேண்டியவன் இன்னொருத்தன், கேட்கப்போனால் இரண்டு பேரும் இல்லை. தேவன் சாமியைக் கைகாட்டுகிறான், சாமி ஏதோ கணக்குச் சொல்கிறது, கார்த்திகேசு கையைக் கழுவிவிட்டு மீகூன் சாப்பிடுகிறார். இதற்குள் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று அவருக்குப் புரியவில்லை. அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. சாமி வந்த ஆளை எவனும் தடுக்க முடியாது என்றால், எனக்கு ஏன் வரக்கூடாது?

யோசிக்க யோசிக்க அது கச்சிதமாக இருந்தது. ஆண்டுப் படையலன்று கிரில் கேட் திறந்திருக்கும். உறுமி அடிக்கும்போது ஆடிக்கொண்டே போய்ப் பாராங்கைப் பிடுங்கிவிடலாம். முனி இறங்கினால் எல்லைக்கு ஓடுவது வழக்கம். யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள். எல்லையில் தன் லோரியை நிறுத்தி வைத்திருந்தால் போதும். ஸீட்டுக்கு அடியில் பாராங்கை வைத்துவிட்டு, பக்கத்திலேயே மயங்கி விழ வேண்டியது. கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை. சாமி எங்கே வைத்தது என்று சாமியைப் போய்க் கேள். தன் புத்தியை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் படையல். வாழை இலையில் கோழி, முட்டை, சுருட்டு, கறுப்பு பீர் எல்லாம் பரப்பியிருந்தார்கள். தாமான் பையன்களின் உறுமி மேளம் காதைக் கிழித்தது. பத்துமலை வெள்ளை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் நின்றார். ஆரம்பிக்கத்தான் கூச்சமாக இருந்தது. கேஸ் பாக்கியைத் தள்ளிப்போடுகிற பத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் எதிரில் நின்றார்கள். நாளைக்கு அவர்கள் அடுப்படியில் எந்த முகத்தோடு போய் நிற்பது? ஒருமுறை உறுமினார். யார் காதிலும் விழவில்லை. இரண்டாவது தடவை தொண்டை கிழிய உறுமினார். அப்புறம் காலைத் தூக்கிப் போட்டு ஆடினார். முழங்கால் வலித்தது. வலியில் போட்ட சத்தம்தான் உண்மையான சத்தமாக இருந்தது.

"பத்துமலை அண்ணனுக்கு வந்துருச்சு!" என்று யாரோ கூவினார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. இவ்வளவு சுலபமா என்று நினைத்தபடி உள்ளே பாய்ந்து, மண்ணிலிருந்து பாராங்கைப் பிடுங்கினார். சிவப்புத் துணி நழுவியது. கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது. மாதக்கணக்காக ஊரெல்லாம் ஞாயம் கேட்டு அலைந்த மனிதர் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். கிடைத்துவிட்டது, தாத்தா.

எல்லைப் பக்கம் திரும்பினார். லோரி அங்கே நின்றது, கதவுகூடப் பூட்டவில்லை. ஆனால் அதற்குள் தேவன் கற்பூரத் தட்டோடு காலில் விழுந்துவிட்டான். பின்னால் ஒவ்வொருவராக விழ ஆரம்பித்தார்கள். அவர்களைத் தாண்டிப் போகக் காலைத் தூக்கியபோது, கூட்டத்தைப் பிளந்துகொண்டு மங்களம் ஓடி வந்து அவர் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி! அப்பனே!"

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அவர் காலைத் தொட்டது கல்யாணத்தன்று மட்டும்தான். பத்துமலை ஆட்டத்தை நிறுத்தவும் முடியாமல், ஆடவும் முடியாமல், லேசாக அசைந்துகொண்டு நின்றார்.

"குடுத்தத ஏன் திருப்பி எடுக்குற அப்பனே?" அவள் முகத்தை நிமிர்த்தி அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "நான் வாக்கு மாறலயே. அன்னைக்கு டாக்டர் வந்து சொந்தக்காரங்க எல்லாரையும் வரச்சொல்லும்மான்னு சொல்லிட்டாரு. ரத்தம் நிக்கல. ஷாமினிய அங்க உக்கார வச்சுட்டு, செருப்புகூடப் போடாம உன்கிட்டதான ஓடி வந்தேன்? அவருக்கு எது உசுரோ அதக் கொண்டாந்து தர்றேன், அவரு உசுர எனக்குக் குடுன்னு கேட்டேன். நீ குடுத்த. நானும் குடுத்தேன். தேவன் எடுத்துட்டுப் போனதா நான்தான் அவன பொய் சொல்ல வச்சேன்."

உறுமிக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"அவரு தெரியாமத் திருப்பிக் கேக்குறாரு சாமி. கோவிச்சுக்காத. நான் அவருகிட்ட சொல்லல. சொன்னா, வெறும் காய்ச்சலுக்குப் போயி என் தாத்தா கத்தியக் குடுத்துட்டியான்னு கேட்டுருவாரு. அந்த ஒரு வார்த்தைய அவரு வாயால நான் கேக்க மாட்டேன். வேற என்ன வேணும்னாலும் எடுத்துக்க. என்னக்கூட எடுத்துக்க. இத மட்டும் திருப்பிக் குடுத்துறாத."

கேட்டிருப்பார். பத்துமலைக்கு அது சத்தியமாகத் தெரிந்தது. அதே வார்த்தையைத்தான் கேட்டிருப்பார், அடுப்படியில் நின்று, அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி. அப்புறம் அதையும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்லியிருப்பார். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அதே நேரம் கை பாராங்கை விடமாட்டேன் என்றது. தாத்தா கேட்டது ஒன்றே ஒன்று, தொலைச்சிராத என்று. இவள் கேட்பதும் ஒன்றே ஒன்று. இரண்டு பேரில் யாரிடம் போய்க் கோபப்படுவது? தேவன்மேல் இத்தனை மாதம் கொட்டிய கோபத்தை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நல்லதாக ஒரு கோபம் இருந்தது, அதையும் இவள் பிடுங்கிக்கொண்டாள்.

எல்லோரும் சாமி பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். மங்களத்தின் நெற்றி அவர் பாதத்தில் இருந்தது, சூடாக, வியர்வையோடு.

பத்துமலை திரும்பி உள்ளே போனார். கட்டைவிரலை அந்தப் பள்ளத்திலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. முனியாண்டி காலடியில், முன்பு இருந்த அதே இடத்தில் பாராங்கை ஓங்கி நட்டார்.

"வாங்கிக்கிட்டேன்" என்றார். குரல் உடைந்து, அவருடையது மாதிரியே இல்லாமல் வந்தது. "உன் புருஷன் உனக்குத்தான். போ."

அதற்கப்புறம் மயங்கி விழுவதற்கு நடிக்கத் தேவைப்படவில்லை. கால் தானாகவே மடிந்துவிட்டது.

முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்தால் சுற்றிலும் முகங்கள். "மச்சான், உங்க மேல எறங்கிட்டாரு மச்சான்!" என்று தேவன் கையெடுத்துக் கும்பிட்டான். கமிட்டிக்காரர் ஒருவர், அடுத்த வெள்ளியிலிருந்து வரமுடியுமா என்று கேட்டார். மங்களம் சொன்னதை மட்டும், சாமியிடம் சொன்னது சாமியோடு என்று, ஒருத்தரும் அவரிடம் எடுக்கவில்லை. கார்த்திகேசு மட்டும் தூரத்தில் நின்று ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

புந்தோங்குக்குத் திரும்பும்போது பாதி வழிவரை மங்களம் முந்தானையில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். பிறகு கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் உங்க கால்ல விழுந்தேன். ஞாபகம் இருக்கா?"

அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால், தான் நடித்தது தெரிந்துவிடும். நடித்தது தெரிந்தால், சாமி வாங்கிக்கொண்டது பொய்யாகிவிடும். அப்புறம் தனக்கு ஒரு தும்மல் வந்தால்கூட அவள் தூங்கமாட்டாள்.

"ஒண்ணும் ஞாபகம் இல்லயே. ஏன், என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல" என்றாள். அவள் தோள் இறங்கி, ஸீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் மங்களம் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் பத்துமலை பாராங் புராணத்தை ஆரம்பித்திருப்பார். அன்று பேச்சில்லாமல் சட்டை மாட்டினார், பேச்சில்லாமல் லோரிச் சாவியைத் தேடினார். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தார். மங்களம் கையில் டம்ளரோடு, அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சந்தேகம் ஏற ஆரம்பித்திருந்தது.

பத்துமலை அவசர அவசரமாகக் கைப்பேசியை எடுத்துத் தேவனைக் கூப்பிட்டார்.

"டேய் தேவா! என் தாத்தா பாராங்க எப்படா தரப்போற? சாமி, பூதம்னு கத விட்டது போதும். என்னய என்ன கேணயன்னு நெனச்சியா?"

மறுமுனையில் தேவன் வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை. அடுப்படியில் கரண்டி மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது.

"விடுங்களேன்" என்று மங்களத்தின் குரல் வந்தது, லேசாக, கிட்டத்தட்டச் சிரிப்போடு. "காலங்காத்தால அந்தப் பயலப் போயி."

"எப்படி விடுவேன்? என் தாத்தாவோடது மங்களம்!" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் வெளியே வந்து பார்த்துவிடுவதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி, மச்சானைத் திட்டிக்கொண்டே இருந்தார்.